துடைக்காமல் விட்ட மூன்று பொட்டுகள்

ஒரு சந்தனப் பொட்டைத் துடைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? படிப்பவர்களுக்கு இது வேடிக்கையான கேள்வியாகப் படலாம். கல்லூரியின் கடைசி ஆண்டில், என்னோடு படித்த ஒருத்தி வெட்டவெளியில் தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சில விநாடிகள் இந்தக் கேள்வியை என்மேல் சுமத்திவிட்டுப் போயின. அதுவரை துணிவு என்பதை நெருப்போடும் உயரத்தோடும் மட்டுமே சேர்த்து எண்ணிப் பழகியிருந்தேன். ஈரச் சந்தனத்தின்மேல் துணியை வைத்து ஓர் இழுப்பு இழுப்பதற்கும் அது வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் கல்லூரியில் செய்த ராக்கெட்டை நிமிர்த்தி வைத்தால் என்னைவிட ஒரு முழம் உயரம். வெள்ளை வண்ணம் பூசிய குழல், கூரிய மூக்கு, அடியில் மூன்று இறக்கைகள். நடுப்பகுதிக்குச் சற்று மேலே, குழலைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று சிறு துளைகள் இருந்தன. ஒரு துவரம்பருப்புகூட நுழையாத அளவு. எங்கள் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் இறக்கைகளைத் தடவிப் பார்ப்பார்கள், மூக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். துளைகளை ஒருவரும் கவனித்ததில்லை. அந்தத் துளைகளைக் கணக்கிட்டுக் குறித்தவள், இன்று நான் நினைத்துப் பார்க்கும் அந்தத் தோழிதான்.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் இடையில் இருந்தது எங்கள் கல்லூரி. தொழிற்சாலைகளின் ஷிப்ட் பேருந்துகள் வரும் நேரத்தில் சாலையைக் கடக்க முடியாது. அவள் சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தாள். அவளுடைய அப்பா ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நிற்பவர். பத்துப் பேர் கொண்ட எங்கள் ராக்கெட் குழுவில் அவள் ஒருத்தி மட்டுமே கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அதனால் எல்லாரும் அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டோம். பிரியத்தோடுதான் கூப்பிட்டோம் என்று அப்போது நம்பினேன். முதல் நாள் கூப்பிட்டபோது அவள் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ராக்கெட் உச்சியை எட்டியதை உணர்ந்து பாராசூட்டை விரிக்கவைக்கும் கருவி அவள் பொறுப்பு. முதலாண்டு மாணவர்கள் அதைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. “அதுக்குக் கண்ணு கெடையாதுப்பா, மூக்கு மட்டுந்தான். மேல போகப் போகக் காத்து லேசாவும். இந்த மூணு ஓட்டை வழியா மோந்து பாத்துத்தான் எவ்ளோ ஒசரம் வந்துருக்கோம்னு தெரிஞ்சிக்கும். மூக்கை அடைச்சிட்டா அது இன்னும் தரையிலயே நிக்கிறதா நெனச்சிக்கும்.” ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்று இரண்டு கருவிகளை வைத்திருந்தாள். இரண்டும் குழலுக்குள் ஒரே அறையில், ஒரே துளைகளின் வழியாகத்தான் மூச்சு வாங்கின.

எனக்குத் தரப்பட்டது பாதுகாப்புப் பொறுப்பு. ஏவுவதற்கு முன் முப்பது வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் பார்த்து டிக் போட்டு, கடைசியில் கையெழுத்திட வேண்டும். நான் போடாவிட்டால் ராக்கெட் கிளம்பாது. “பயந்தாங்கொள்ளிக்குத் தோதான வேலைடா மச்சி” என்று கேப்டன் சொல்வான். குழுத்தலைவனான அவன் வல்லக்கோட்டைக்காரன். பயம் என்பதே இல்லாதவன். அவன் சொன்னது உண்மைதான். மோட்டார் வெடித்துவிடுமோ, மின்கம்பி உரசிவிடுமோ, ஆடு மேய்க்க யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று நான் எந்நேரமும் பயந்துகொண்டிருந்தேன். மனிதர்களின் முகம் சுருங்குவதற்கு இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தேன் என்பதைக் கல்லூரிகளுக்கிடையே நடந்த ராக்கெட் போட்டியன்றுதான் அறிந்தேன்.

எங்கள் பகுதியில் புது இயந்திரம் எதுவும் பொட்டு வைக்காமல் ஓடத் தொடங்காது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் ஃபோர்க்லிஃப்ட்டின் நெற்றியிலும், வெல்டிங் ரோபோவின் கழுத்திலும், கணினித் திரையின் ஓரத்திலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும். வெளிநாட்டு மேலாளர்களே வரிசையில் நின்று கற்பூரம் ஒற்றிக்கொள்வார்கள். ஆகவே போட்டியன்று காலை ஏழு மணிக்குப் பட்டறையில் ராக்கெட்டுக்குப் பூஜை என்று கேப்டன் சொன்னபோது எங்களில் யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றவில்லை. பூஜை போட வந்தவர் கேப்டனின் அம்மா. ஆறு மாதமாக எங்கள் அனைவருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டவர். எலுமிச்சை சாதத்தில் யாருக்கு வேர்க்கடலை பிடிக்காது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

மேசைமேல் கிடத்தியிருந்த ராக்கெட்டை அவர் ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் சுற்றிவந்து பார்த்தார். மூக்கில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, “அட, சொல்லி வச்சாப்ல மூணு எடம் வுட்டு வச்சிகீறீங்களே!” என்று மகிழ்ந்து, மோதிர விரலால் சந்தனத்தை வழித்து மூன்று துளைகளின் மேலும் கச்சிதமாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே எதிரில் பார்த்தேன். அவள் கைகள் அசையவில்லை. அவள் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கெட்டை வேனில் ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். “டேய், அந்த மூணு பொட்டையும் தொடைக்கணும். உள்ள போயிருந்தா ஊசி வச்சி எடுக்கணும்.”

“தொடைச்சிடேன்.”

“நான் தொடைச்சா நல்லாருக்காது. உனக்கே தெரியும். நீ தொடைச்சிடு.”

எனக்குத் தெரிந்தது. அவள் அதைச் சொல்ல எத்தனை முறை தனக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள் என்பதும் தெரிந்தது. கேப்டனின் அம்மா நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். “கிரவுண்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். அம்மா இப்ப கெளம்பிடுவாங்க” என்றேன். அம்மா கிளம்பவில்லை. வேனில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போட்டி நடந்த இடம், தொழிற்சாலைகளுக்காக எடுக்கப்பட்டு இன்னும் கட்டடம் எழும்பாத பெரிய நிலம். சீமைக் கருவேலத்தை வெட்டிச் சமன்செய்து, ஓர் ஓரத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நாங்கள் ராக்கெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “பாத்துப்பா, பொட்டு அழிஞ்சிடப் போவுது, ஓரமாப் புடிங்க!” பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்து, “எத்தினி மணிக்கு வுடுவீங்க? மேலயே பாத்துகினு இருந்தா எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும்” என்றார். “கம்முனு உக்காரும்மா, எண்ணிச் சொல்லுவாங்க” என்றான் கேப்டன்.

எங்களுக்கு முன்னால் இருந்த கல்லூரியின் ராக்கெட் பற்றிக்கொள்ளாமல் நின்றுவிட்டதால், எங்கள் முறை ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது. அவள் மீட்புப் பொறுப்பும் ஏற்றிருந்தாள். பாராசூட்டில் இறங்கும் ராக்கெட்டைத் தேடி எடுக்க, தொலைவில் ஒரு சிவப்புக் கொடி நட்ட இடத்தில் போய் நிற்க வேண்டும். ராக்கெட் காற்றை எதிர்த்து அந்தப் பக்கம் சாய்ந்து ஏறும். பாராசூட் விரிந்ததும் காற்றோடு எங்கள் பக்கம் திரும்பி மிதந்து வரும்; அவள் அதைப் பின்தொடர்ந்து வந்து எடுக்க வேண்டும். விரியும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கொடியே நடப்பட்டிருந்தது. போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஏவுதண்டில் ராக்கெட்டை நிறுத்தியாயிற்று. கேப்டன் சாவியைத் திருப்பியதும் உள்ளே கருவிகள் மூன்றுமுறை பீப் ஒலித்தன. மின்சாரம் சரியாக இருக்கிறது என்பதைத் தாண்டி அந்த ஒலிக்குப் பொருள் இல்லை. நான் பட்டியலோடு நின்றேன். ஒன்பதாவது வரி: காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா? மூன்று பொட்டுகளும் வெயிலில் காய்ந்து ஓடு கட்டியிருந்தன. என் சட்டைப்பையில் துணி இருந்தது. விரல்கள் அதைத் தொட்டுக்கொண்டும் இருந்தன. ஷாமியானாவில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் அம்மா கைகூப்பியிருந்தார். துடைத்தால் அந்த முகம் என்னவாகும் என்று எண்ணினேன். இவ்வளவு சோறு போட்டவர் என்று எண்ணினேன். சிஸ்டர் சொல்லித்தான் துடைத்தான் என்று யாராவது சொன்னால் அவளுக்கு என்னவாகும் என்றும் எண்ணினேன். அதாவது என் கோழைத்தனத்துக்கு அவள் நலனையே காரணமாக்கிக்கொண்டேன். குழலின் ஏதாவது ஓர் இடுக்கில் காற்று கசியாமலா இருக்கும் என்று கடைசியாக எண்ணினேன். அந்த இடுக்குகளை எல்லாம் பசை வைத்து அடைத்தவன் நானே.

ஒன்பதாவது வரியில் டிக் போட்டேன். கையெழுத்திட்டு, பின்வாங்கி, ஏவு மேசைக்கு வந்தேன். வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தது.

“மூக்கைத் தொடைச்சிட்டியாடா?”

“ம். எல்லாம் ஓகே.”

“சரி. நான் கொடிகிட்ட இருக்கேன்.”

பத்திலிருந்து எண்ணினார்கள். தீப்பற்றிய ஓசை நெஞ்சில் வந்து மோதியது. கண்ணிமைக்கும் நேரத்தில் ராக்கெட் ஒரு வெள்ளைக் கோடாக மேலேறிச் சிறுத்து, புள்ளியாகி, மறைந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவன் தோளுக்கு மேலாக நான் வானத்தைப் பார்த்தேன். இந்நேரம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ விரிந்திருக்க வேண்டும். வெறும் நீலம். ஆர்ப்பரிப்பு மெல்ல அடங்கியது. யாரோ ஒருவர், “எங்கப்பா கொட?” என்று கேட்டார். பிறகு அது கேட்டது. முதலில் கொசு ஒன்று காதருகே வருவதுபோல் மெல்லிய சீழ்க்கை. பிறகு அதன் சுருதி ஏறிக்கொண்டே வந்தது. பாராசூட் இல்லாத ராக்கெட், மூக்கு கீழாக, எறிந்த ஈட்டிபோல் வந்துகொண்டிருந்தது. கொடி இருந்த பக்கமாக.

நான் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஓடு என்று சொல்வதா, நில் என்று சொல்வதா? ஓடினால் அது விழும் இடத்துக்கே ஓடிவிடுவாளோ? என் கட்டைவிரல் பொத்தானை விடவே இல்லை. அதனால் வேறு யாரும் அவளோடு பேசவும் வழியில்லாமல் போனது என்பது பின்னால்தான் புரிந்தது. அந்த மைதானத்தின் ஒலிபெருக்கியில் போட்டியின் கள அதிகாரி கத்தினார்: “கொடிகிட்ட இருக்கிற பொண்ணு, ஓடாதம்மா! மேல பாரு! மேலயே பாரு!” தொலைவில் அந்தச் சிறு உருவம் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. ஓர் அடி பக்கவாட்டில் வைத்தது. இன்னோர் அடி. பிறகு பாய்ந்தது. தரை அதிர்ந்தது. செம்மண் புழுதி எழுந்து கொடியையும் அவளையும் மூடிக்கொண்டது.

அந்தப் புழுதி அடங்கும்வரை நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பது நினைவில் இல்லை. வாயில் மண் கரித்தது மட்டும் நினைவிருக்கிறது. செத்துப்போயிருப்பாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவள் அப்பாவிடம் போய் எந்தச் சொல்லால் தொடங்குவது என்றுகூட ஓடும்போதே யோசித்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தெறித்த கல் ஒன்று புருவத்துக்கு மேல் கிழித்திருந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது. அவளுக்கு ஏழடி தள்ளி, ராக்கெட் மூக்குவரை மண்ணில் புதைந்து, குழல் பிளந்து நின்றது. பிளந்த சில்லு ஒன்று அவள் மடியிலேயே விழுந்திருந்தது. அதன்மேல் பொட்டு ஒன்று, ஒரு கீறலும் இல்லாமல், முழுசாக இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ தொடைக்கல.”

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். கேப்டனின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, முந்தானையால் அவள் நெற்றியை அழுத்திப் பிடித்து, “எம்மா, எம்மா, ஒண்ணும் ஆவல, சாமிதான் உன்னத் தள்ளி வுட்டுது” என்று அழுதார். அவளும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சில்லை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆதாரத்தைப் பாதுகாக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறைத்தேன் என்பதே சரி.

மறுநாள் துறையின் அறையில் கூடினோம். விபத்து அறிக்கையைப் போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு வாரத்தில் அனுப்ப வேண்டும். எங்கள் பேராசிரியர், “ரெண்டு கருவியும் ஒரே நேரத்துல ஃபெயிலாச்சுன்னா டிசைன் கோளாறுதான்” என்றார். “சிஸ்டர் ரெண்டு போர்டு வச்சும் ரெண்டும் தூங்கிடுச்சு சார்” என்றான் கேப்டன், யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லாமல். அவளுக்கு அடுத்த வாரம் ட்ரோன் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். இந்தக் கருவிக்காகத்தான் அழைத்திருந்தார்கள், அறிக்கையையும் கேட்டிருந்தார்கள். நெற்றியில் நான்கு தையல்களோடு அவள் உட்கார்ந்திருந்தாள். “தூங்கல. மூச்சு வுட முடியல” என்றாள். எல்லாரும் அதை ஏதோ பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: “நீயே நேராச் சொல்லலாமே?”

“நான் சொன்னா பொட்டு மேல பழி போடுறேன்னு ஆவும். நீ சொன்னா அது ரிப்போர்ட்டு.” தையல் இழுத்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்துக்கொண்டாள். “உனக்கு என்னடா பயம்? மேலேருந்து வந்தது என் தலைக்குத்தானே.”

அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. அறிக்கையில் உண்மையை எழுதினால் பொய்யாக டிக் போட்டவன் என்று என் பெயர் கெடும். குழு போட்டியிலிருந்து நீக்கப்படும். ஒரு தாயின் கைப்பொட்டு ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தது என்று ஆகும். எழுதாவிட்டால் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் இழப்பு. இப்படித் தராசில் நிறுத்துப் பார்த்தவன் நான்; சமூக அக்கறை உள்ளவன் என்று கல்லூரி மேடைகளில் பெயர் வாங்கியவன். மூன்றாம் நாள், அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வல்லக்கோட்டைக்குப் போனேன்.

அவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து, காற்று, அழுத்தம், துளை என்று தொடங்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அந்த ஓட்ட மேலயா வச்சேன்?”

“ஆமாம்மா.”

“அது மூச்சு வுடுற ஓட்டையா?”

“ஆமாம்மா.”

“அப்பவே உனக்குத் தெரியுமா?”

ஆமென்று தலையசைத்தேன்.

“அடப்பாவி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே முந்தானியால தொடைச்சிட்டிருப்பேனே! இந்தா, இந்த மிஷின பாரு. எண்ணெ வுடுற ஓட்ட மேல என்னிக்காச்சும் பொட்டு வச்சிகீறனா? ஓட்டைனு தெரியாமதான வச்சேன். சாமி இன்னா, ஒரு விரக்கட தள்ளி வச்சா கோச்சிக்குமா?” குரல் உடைந்தது. “அந்தப் பொண்ணுக்கும் தெரியுமா?”

“அவதாம்மா என்னைத் துடைக்கச் சொன்னா.”

அவர் ரவிக்கையை ஒதுக்கி வைத்தார். “என்னப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இன்னான்னு நெனச்சிகினு இருந்தீங்க? எங்கையால துன்னுட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த பேசப் பயந்தீங்களா? அவ பயந்தா சரி. அவ எடத்துல நானா இருந்தாலும் பயந்துதான் இருப்பேன். நீ இன்னாத்துக்குப் பயந்த?” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எழுது. பொட்டு வச்சது நான்தான்னு எழுது.”

“உங்களைப் பத்தி வேணாம்மா. துடைக்காதது நான்தானே.”

“ரெண்டையும் எழுது.”

அன்று மாலையே இரண்டையும் எழுதினேன். சில்லையும் சேர்த்துக் கொடுத்தேன். எங்கள் குழு போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் கேப்டன் என்னோடு பேசவில்லை. கல்லூரி என்னை எல்லாக் குழுக்களிலிருந்தும் விலக்கியது. கருவிகளில் குறை இல்லை என்று அறிக்கையில் பதிவானது. அவள் நேர்காணலுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. கடைசித் தேர்வு முடிந்த அன்று பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். தையல் பிரித்த இடத்தில் ஒரு வெளிர்கோடு தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். “நீ எழுதினது எல்லாம் சரிதான்” என்றாள். “ஆனா அதுக்கு உனக்கு மூணு நாள் ஆச்சு.” அவள் ஏற வேண்டிய பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். லைனை நிறுத்தச் சொல்லும்போது சூப்பர்வைசர், “இன்னா சார், டார்கெட் போயிடும், அப்புறமாப் பாத்துக்கலாமே” என்று சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சரி என்று விட்டுவிடத்தான் தோன்றுகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. யாராவது தயங்கித் தயங்கி ஒன்றைச் சரியில்லை என்று சொன்னால், அவர்களை அங்கேயே நிற்க வைத்துவிட்டு எழுந்துபோய் என் கண்ணால் பார்க்கிறேன். திரும்பி வந்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.